மணமுறிவு வழக்கில் குழந்தைக் காப்பு: சட்டத் தமிழின் சொல்லாட்சி குறித்த ஒரு திறனாய்வு

1. முன்னுரை

மணவாழ்க்கை முறியும்போது கணவன், மனைவி என்னும் உறவு நீங்குகிறது. தாய், தந்தை என்னும் உறவு நீங்குவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது குழந்தை. பெற்றோருள் ஒருவர் மனநிலை நிலைகொள்ளாதவராக இருப்பின் குழந்தையின் நிலை மேலும் இடர்ப்பாடுடையதாகிறது. யாரிடம் அது வளர வேண்டும், மற்றவரை எப்போது எவ்வாறு சந்திக்க வேண்டும், அச்சந்திப்பின்போது உடனிருப்பவர் யார் என்பன நீதிமன்றம் விடை காண வேண்டிய வினாக்கள். இவ்வினாக்கள் அனைத்தும் சொற்களைக் கொண்டே எழுப்பப்படுகின்றன. சொற்களைக் கொண்டே தீர்க்கப்படுகின்றன. மனுவும் எதிருரையும் மருத்துவச் சான்றும் குழந்தையின் கூற்றும் மொழிவடிவம் பெற்ற பின்னரே நீதிபதியின் முன் வருகின்றன.

திருவனந்தபுரம் போன்ற நகரில் இம்மொழிச் சிக்கல் மூன்று அடுக்குகளை உடையது. சட்டத்தின் மூலம் ஆங்கிலத்தில் உள்ளது. வழக்குரைஞரும் ஆலோசகரும் அலுவலரும் பேசும் மொழி மலையாளம். சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்தின் வீட்டுமொழி தமிழ். கேரள ஆட்சிமொழிகள் (சட்டமியற்றல்) சட்டம், 1969, ஆங்கிலத்தையும் மலையாளத்தையும் ஆட்சிமொழிகளாக ஏற்று, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தத்தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள வழி செய்துள்ளது. ஆயினும் கடிதத்திற்குக் கிடைத்த இடம் குழந்தையின் வாய்ச்சொல்லுக்குக் கிடைத்துவிட்டதாகக் கொள்ள இயலாது.

மணமுறிவு வழக்குகளில் குழந்தைக் காப்புத் தொடர்பாகத் தமிழில் வழங்கும் சொற்களையும் தொடர்களையும் மொழியியல் நோக்கில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். சட்டத்தின் உள்ளடக்கம் சொல்லாட்சியை விளக்கத் தேவைப்படும் அளவிற்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2. 'காவல்' என்னும் சொல்

பிரிந்த பெற்றோருள் ஒருவரிடம் குழந்தை வளர்வதைக் குறிக்க ஆங்கிலச் சட்டம் 'கஸ்டடி' என்னும் சொல்லைப் பயன்படுத்துகிறது. இலத்தீனில் 'காத்தல்' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்த இச்சொல் காவல்துறையின் பிடியில் இருப்பதையும் குறிக்கும். தமிழாக்கம் செய்வோர் பெரும்பாலும் 'காவல்' என்றே மொழிபெயர்க்கின்றனர். 'குழந்தையின் காவல் தாய்க்கு வழங்கப்பட்டது' என்னும் தொடர் இவ்வாறு உருவானது.

'கா' என்னும் வேரிலிருந்து காவல், காப்பு, காப்பாளர், காவலர் ஆகிய சொற்கள் பிறக்கின்றன. வேர் ஒன்றாயினும் வழக்கில் அவை பிரிந்துவிட்டன. இன்றைய தமிழில் காவல் நிலையம், நீதிமன்றக் காவல், காவலில் வைத்தல் ஆகிய தொடர்களால் 'காவல்' என்னும் சொல் அடைத்துவைத்தல் என்னும் பொருட்சாயலை அழுத்தமாகப் பெற்றுள்ளது. காப்பு என்னும் சொல்லுக்கோ இச்சாயல் இல்லை. அது குழந்தையின் கையில் அணிவிக்கப்படும் அணியையும் குறிக்கும். பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பத்துப் பருவங்களுள் முதலாவது காப்புப் பருவம் ஆகும். குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டும் அப்பருவத்தில் குழந்தை யாருடைய உடைமை என்ற வினாவுக்கே இடமில்லை. குழந்தையை நடுவில் நிறுத்திச் சிந்திக்கும் சொல் தமிழில் முன்பே இருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லழகு பற்றியதன்று. 'காவல் யாருக்கு?' என்னும் வினாவில் குழந்தை செயப்படுபொருளாகிறது; வென்றவர் பெறுகிறார், தோற்றவர் இழக்கிறார். சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 1973ஆம் ஆண்டிலேயே, குழந்தைகள் பெற்றோரின் அசையும் சொத்துகளும் அல்லர், விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்னும் கருத்தை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. தீர்ப்பு அவ்வாறு கூறிய பின்னரும், 'வழங்கப்பட்டது', 'ஒப்படைக்கப்பட்டது', 'மீட்கப்பட்டது' எனப் பொருள்களுக்குரிய வினைகளே குழந்தைக்கும் வழங்கி வருகின்றன.

மற்ற பெற்றோர் குழந்தையைக் காணும் உரிமையைப் 'பார்வையிடும் உரிமை' என்று எழுதுவதும் இத்தகையதே. பார்வையிடுதல் மேலதிகாரியின் செயல். வெள்ளச் சேதத்தைப் பார்வையிடலாம். பெற்ற பிள்ளையைப் பார்வையிட இயலாது. 'சந்திப்பு' என்னும் சொல் இருவரும் பங்குகொள்வதைக் காட்டுவதால் பொருத்தமுடையது. 2020ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், நேர்ச் சந்திப்போடு தொலைபேசி, காணொளி வாயிலான தொடர்பையும் குழந்தைக்கு உரியதாகக் கருத வேண்டும் என்று சுட்டியது. அத்தகைய தொடர்பைப் 'பார்வையிடுதல்' என்னும் சொல் தாங்காது.

'காவல்' என்பதற்கு மாற்றாக 'வளர்ப்புப் பொறுப்பு' என்பது சில வேளைகளில் முன்மொழியப்படுகிறது. 'வளர்ப்புப் பிள்ளை', 'வளர்ப்புத் தாய்' என்பன பெறாத உறவைக் குறிப்பதால் இத்தொடர் மயக்கம் தரும். 'பேணற் பொறுப்பு' என்பது அம்மயக்கம் இல்லாதது. பொறுப்பு என்னும் சொல் உரிமையை மட்டுமன்றிக் கடமையையும் உணர்த்துவது கருதத்தக்கது.

3. 'பின்' என்னும் ஒரு சொல்

ஒரு சிறு சொல் குழந்தையின் காப்பை எவ்வாறு நிர்ணயிக்கும் என்பதற்கு இந்து இளவர் மற்றும் காப்பாண்மைச் சட்டம், 1956, சிறந்த எடுத்துக்காட்டாகும். அதன் 6ஆம் பிரிவு, இளவரின் இயற்கைக் காப்பாளர் தந்தை என்றும், அவருக்குப் 'பின்' தாய் என்றும் கூறுகிறது. ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது. இதில் 'பின்' என்பதற்குத் 'தந்தை இறந்த பின்' என்னும் பொருளே நெடுங்காலம் கொள்ளப்பட்டு வந்தது.

எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் கடன்பத்திரம் பெற விண்ணப்பித்தபோது, தந்தையின் கையொப்பம் வேண்டும் என இந்திய ரிசர்வ் வங்கி கேட்டதிலிருந்து எழுந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 'பின்' என்பது இறப்பை மட்டும் குறிக்காது. 'இல்லாத நிலையில்' என்றும் பொருள்படும் என்பதே அத்தீர்ப்பின் மையம். தந்தை குழந்தையின் மீது அக்கறையே இன்றி இருத்தல், வேறிடத்தில் இருத்தல், உடல் அல்லது மனத்தின் இயலாமையால் குழந்தையைப் பேண முடியாதிருத்தல் ஆகிய நிலைகளும் 'இல்லாமை'யுள் அடங்கும் என நீதிமன்றம் விளக்கியது.

இவ்விளக்கம் தமிழாக்கத்தில் எந்நிலை அடைகிறது என்பது ஆராயத்தக்கது. தமிழில் உறவுப்பெயரை அடுத்து வரும் 'பின்' பெரும்பாலும் இறப்பையே உணர்த்துகிறது. 'அப்பாவுக்குப் பின் கடையை அண்ணன் பார்த்துக்கொள்கிறார்' என்று கேட்பவர், தந்தை காலமாகிவிட்டார் என்றே கொள்வர். எனவே 'தந்தையும் அவருக்குப் பின் தாயும்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், தீர்ப்பு திறந்த வாயிலைத் தமிழ்த்தொடர் மூடிவிடும். மனநிலை குன்றிய தந்தை உயிருடன் இருக்கும்போது தாய் தன் குழந்தைக்காகக் கையொப்பமிடத் தயங்கினால், அத்தயக்கத்திற்குச் சட்டத்தைவிட மொழிபெயர்ப்பே காரணமாக அமையும். 'தந்தையும், அவர் இல்லாத அல்லது இயலாத நிலையில் தாயும்' என்னும் தொடரே இன்றைய சட்டநிலையைப் புலப்படுத்தும். இருப்பினும் தீர்ப்பு சட்டவாசகத்தை நீக்கவில்லை, பொருளைத்தான் விரித்தது. தாயும் தந்தையும் ஒருசேர இயற்கைக் காப்பாளராக வேண்டும் எனச் சட்ட ஆணையம் 2015ஆம் ஆண்டின் தன் 257ஆம் அறிக்கையில் பரிந்துரைத்ததற்கு இக்குறையும் ஒரு காரணம் எனலாம்.

4. மனநிலையைச் சுட்டும் பெயர்கள்

மனநலக் குறைவைச் சுட்டும் சட்டச்சொற்களின் வரலாறு சட்டங்களின் தலைப்புகளிலேயே பதிவாகியுள்ளது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் 'பித்தர்' என்னும் பொருளுடைய சொல்லைத் தலைப்பிலேயே கொண்டிருந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் 'மனநலம்' என்பதைத் தலைப்பாக்கியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 'பராமரிப்பு' என்பதையும் சேர்த்துக்கொண்டது. நூறு ஆண்டுகளில் பெயர், நோயாளியிலிருந்து நலத்துக்கும், நலத்திலிருந்து பராமரிப்புக்கும் நகர்ந்துள்ளது.

மக்கள் வழக்கு இந்த அளவிற்கு நகரவில்லை. சென்னைத் தமிழில் 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயர் வசைச்சொல்லாக வழங்குவது போன்றே, திருவனந்தபுரத்தில் 1870இல் தோன்றிய மனநல மையம் அமைந்துள்ள 'ஊளம்பாறை' என்னும் இடப்பெயரும் வசையாக வழங்குகிறது. இடத்தின் பெயர் நோய்க்கும், நோயின் பெயர் நோயாளிக்கும் ஆகிவரும் இவ்வாகுபெயர் வழக்கால், அங்குச் சென்று மருத்துவம் பெற்றார் என்னும் செய்தியே ஒருவருக்கு எதிரான சான்றாகிவிடுகிறது. மணமுறிவு வழக்கில் மருந்துச்சீட்டு குற்றப்பத்திரிகையின் வேலையைச் செய்யத் தொடங்கும்போது, மருத்துவம் வேண்டுவோர் மருத்துவரை அணுகாமல் மறைவர். அதன் கேடு முதலில் குழந்தையையே சேரும்.

சட்டம் இத்தனை பரும்படியாகப் பேசவில்லை. இந்துத் திருமணச் சட்டம், 1955, 1976ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பிறகு, மனக்கோளாறு மட்டுமே மணமுறிவுக்குப் போதும் என்று கூறவில்லை. அக்கோளாறு, மனுதாரர் எதிர்மனுதாரருடன் சேர்ந்து வாழ்வார் என நியாயமாக எதிர்பார்க்க இயலாத தன்மையதாகவும் அந்த அளவினதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 'தன்மை', 'அளவு' ஆகிய இவ்விரு அடைகளே அப்பிரிவின் உயிர். 1988ஆம் ஆண்டில் உளச்சிதைவு நோய் பற்றிய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதனையே சுட்டியது: நோயின் பெயரைச் சொல்வதால் மட்டும் வழக்கு நிறுவப்படாது, அதன் கடுமை எவ்வளவு என்பது நிறுவப்பட வேண்டும். சுருக்கி எழுதும் தமிழ் இவ்விரு அடைகளையும் முதலில் கைவிடுகிறது. 'மனநோய் இருந்தால் மணமுறிவு பெறலாம்' என்னும் எளிய தொடர் சட்டத்தைச் சுருக்குவதில்லை, அதனைத் திரிக்கிறது.

'சித்த சுவாதீனமற்றவர்' என்னும் பழைய தொடர் இன்றும் எழுதப்படுகிறது. 'அற்றவர்' என்பதில் அளவு இல்லை. ஒன்று உண்டு, அல்லது இல்லை. மனநலமோ ஏறியும் இறங்கியும் வருவது. மருந்தாலும் துணையாலும் நிலைபெறுவது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒருவருக்கு மனநோய் உண்டென முடிவு செய்யப்பட்டதாலேயே அவர் சித்தத் தெளிவற்றவர் என்று கொள்ளக் கூடாது. தகுதியுடைய நீதிமன்றம் அவ்வாறு அறிவித்திருக்க வேண்டும் என்று தெளிவாக்கியுள்ளது. நோயாளி, தெளிவற்றவர், தகுதியற்ற பெற்றோர் என்னும் மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கும் வழக்கு இச்சட்டத்திற்கு முரணானது.

5. பெயரும் வினையும்

மனநலம் குன்றிய பெற்றோர் என்பதும் குழந்தைக்கு ஊறு செய்யும் பெற்றோர் என்பதும் ஒன்றல்ல. நோய் கண்டறியப்பட்டு முறையாக மருந்துண்ணும் தாய் குழந்தையை நன்கு வளர்க்கக்கூடும். எந்த மருத்துவரும் எந்தப் பெயரும் இடாத தந்தை, சினம் தலைக்கேறிய இரவில் குழந்தையை வாசலில் நிறுத்தக்கூடும். முன்னவருக்குப் பெயர் உண்டு, செயல் இல்லை. பின்னவருக்குச் செயல் உண்டு, பெயர் இல்லை. பெயரை மட்டும் தேடும் மொழி முன்னவரைத் தண்டித்து, பின்னவரைத் தப்பவிடும்.

தமிழ் இலக்கணம் இங்குத் துணைசெய்கிறது. பெயர்ச்சொல் காலம் காட்டாது; வினைச்சொல் காலம் காட்டும் என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் பாகுபாடு. 'பைத்தியம்', 'கொடுமைக்காரர்', 'மனநோயாளி' ஆகியன காலம் காட்டாப் பெயர்கள். நேற்றும் இன்றும் நாளையும் அவர் அதுவே என்று அவை அறிவிக்கின்றன. 'மூன்று நாள்கள் சமைக்கவில்லை', 'தேர்வு நாளன்று பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்', 'இறந்துவிடுவேன் என்று மகளிடம் கூறினார்' என்னும் வினைமுற்றுத் தொடர்கள் காலத்தைக் காட்டுகின்றன. எங்கே, யார் முன்னிலையில், எத்தனை முறை என்று வினவ இடம் தருகின்றன. வினவ இடம் தருவதாலேயே அவற்றை மெய்ப்பிக்கவும் மறுக்கவும் இயலும்.

மனு எழுதுவோர் பெயர்களைக் குவிப்பதை வலிமை என்று கருதுகின்றனர். உண்மையில் அது வழக்கின் வலிமையைக் குறைக்கிறது. எதிர்த்தரப்பையும் பெயர்களைத் தேடச் செய்கிறது. இருதரப்புப் பெயர்களுக்கும் இடையில் குழந்தைக்கு நேர்ந்தது என்ன என்னும் செய்தி மறைகிறது. எதிர்த்தரப்பினரை மருத்துவ ஆய்வுக்கு உட்படுத்த நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு என 2003ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வலுவான முதல்நோக்குச் சான்று இருந்தாலன்றி அவ்வதிகாரத்தைச் செலுத்தலாகாது என்றும் வரையறுத்தது. அத்தகைய சான்றைப் பெயர்கள் தர இயலாது, வினைகளே தரும்.

காலம் காட்டும் இம்மொழிக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. மனநல நிலையத்தில் மருத்துவம் பெறும் தாயிடமிருந்து மூன்று வயது நிறையாத குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்கிறது 21ஆம் பிரிவு. நோயின் காரணமாகத் தாயால் குழந்தைக்கு ஊறு நேரும் என்றோ, குழந்தையின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் தேவை என்றோ மனநல மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் மேற்பார்வையுடன் தாய் குழந்தையைக் காணலாம். பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை முடிவு மறு ஆய்வு செய்யப்பட வேண்டும். பிரிவுக்குரிய காரணம் நீங்கியவுடன் பிரிவும் நீங்க வேண்டும். முப்பது நாள்களைத் தாண்டினால் உரிய அதிகார அமைப்பின் ஒப்புதல் வேண்டும். இப்பிரிவு மருத்துவ நிலையத்திற்கு உரியது. மணமுறிவு நீதிமன்றத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. எனினும் அதன் வாசகம் பின்பற்றத்தக்கது. குழந்தைக்கு நேரும் இடரை அது மறைக்கவில்லை. தாயின் மீது நிலையான பெயர் எதனையும் சூட்டவுமில்லை. காரணம், காலம், மேற்பார்வை, மறு ஆய்வு என்னும் நான்கால் அமைந்த ஆணை அது. இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவும் குழந்தை பற்றிய ஆணைகளை இடைக்காலத்தில் பிறப்பிக்கவும் அவ்வப்போது மாற்றவும் இடம் தருகிறது. எனவே இறுதித் தீர்ப்பின் மொழியில் பேச வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

6. குழந்தையின் சொல்

காப்பாளர் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டம், 1890, அறிவுடன் விருப்பம் தெரிவிக்கும் வயதுடைய குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்கிறது. விருப்பத்தை அறியக் கேட்கப்படும் வினா எவ்வடிவினது என்பது முக்கியமானது. 'அம்மாவா, அப்பாவா?' என்னும் வினாவில் அமைந்த இரட்டை ஆகாரம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. வீட்டில் உறவினர் விளையாட்டாகக் கேட்கும் இவ்வினா நீதிமன்றத்தில் விளையாட்டாகாது. ஒருவரைத் தேர்வது மற்றவரைக் கைவிடுவது என்று குழந்தை உணரும். நோயுற்ற பெற்றோரைத் தானே காக்க வேண்டும் என்று கருதும் குழந்தை, தனக்கு அச்சம் தரும் வீட்டையே தேர்ந்தெடுப்பதும் நிகழக்கூடும். 'பள்ளி விட்டு வந்ததும் யார் இருப்பார்கள்?', 'இரவில் விழித்துக்கொண்டால் யாரை அழைப்பாய்?' என்னும் வினாக்கள் தேர்வைக் கேட்பதில்லை, வாழ்க்கையைக் கேட்கின்றன. ஆகார வினாவைவிட யார், என்ன, எப்போது என்னும் வினாச்சொற்கள் குழந்தைக்கு உகந்தவை.

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குழந்தையின் கூற்றில் மற்றொரு சிக்கலும் உண்டு. பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழும் பேசும் குழந்தையின் வாயில் இருமொழிச் சொற்களும் கலந்து வரும். வடிவம் ஒத்துப் பொருள் வேறுபடும் சொற்கள் இவ்விரு மொழிகளில் பல. பின்வரும் எடுத்துக்காட்டுகள் நோக்கத்தக்கன.

'வழக்கு' என்பது தமிழில் நீதிமன்ற நடவடிக்கை, மலையாளத்தில் சண்டை. 'வழக்கு பறைதல்' என்பது மலையாளத்தில் திட்டுதலைக் குறிக்கும். 'அம்மா வழக்கு சொன்னாங்க' என்று குழந்தை கூறின், தாய் வழக்கைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார் என்று தமிழ் மட்டும் அறிந்தவர் பதிவு செய்யக்கூடும். தாய் திட்டினார் என்பதே குழந்தை கருதிய பொருளாக இருக்கலாம்.

'விஷமம்' தமிழில் குறும்பு, மலையாளத்தில் மனவருத்தம். 'அப்பாவுக்கு விஷமம்' என்பது தந்தையின் துயரத்தைக் கூறுவது. அவர்மீது சுமத்தும் பழியன்று.

'பேடி' மலையாளத்தில் அச்சம், தமிழில் இழிசொல். 'எனக்குப் பேடியா இருக்கு' என்பது இவ்வழக்குகளில் குழந்தை கூறக்கூடிய மிக முக்கியமான தொடர். அதனை இழிசொல்லாகக் கேட்டு நகைப்பவர் ஓர் அபாய அறிவிப்பைத் தவறவிடுகிறார்.

'தல்லு' என்னும் மலையாள வினை அடித்தலைக் குறிக்கும். இவ்வினை பொதுத்தமிழில் வழங்காமையால், 'தல்லினாங்க' என்பதைக் கேட்கும் தமிழர் 'தள்ளினாங்க' என்று எழுதிவிடுவார். அடித்தல் தள்ளுதலாகக் குறைந்துவிடும். இவ்வாறே 'கரைதல்' மலையாளத்தில் அழுதல். 'சம்சாரம்' மலையாளத்தில் பேச்சு, தமிழில் மனைவி.

ஒரே எழுத்தின் மாற்றமும் ஒரே சொல்லின் பொருள் மயக்கமும் ஒரு தாயைக் குற்றவாளியாக்கவும் ஒரு தந்தையின் கொடுமையை மறைக்கவும் போதுமானவை. எனவே குழந்தையின் கூற்றைக் கேட்டவாறே முதலில் எழுதி, பொருளைத் தனியே குறித்தல் வேண்டும். திருத்தமான தமிழிலோ மலையாளத்திலோ மாற்றி எழுதுதல் உதவியாகாது. குடும்ப நீதிமன்றச் சட்டம், 1984, ஆலோசகர்களை அமர்த்தவும், மருத்துவ, நலப்பணி வல்லுநர்களின் துணையைப் பெறவும், விசாரணையை மூடிய அறையில் நடத்தவும் வழி செய்கிறது. இருமொழி அறிந்த ஒருவரின் துணையும் இவ்வகையிலேயே கருதத்தக்கது.

7. மூன்றாமவர்

இன்றைய வழக்குமொழி தாய், தந்தை என்னும் இருவரை மட்டுமே அறியும். திருவிதாங்கூர் நாட்டின் பழைய வழக்கு இவ்வாறன்று. மருமக்கள் வழியில் மண உறவு முறிந்தாலும் குழந்தை வீடு மாறுவதில்லை. அது தாயின் தறவாட்டில், காரணவர் பொறுப்பில், பாட்டியரும் மாமன்மாரும் சூழ இருந்தது. தாயின் மனம் கலங்கிய காலத்தும் சோறிடவும் உறங்கவைக்கவும் வேறு கைகள் இருந்தன.

அம்முறையைப் போற்றிப் பாடுவதற்கு இடமில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மக்களுக்குத் தந்தையின் சொத்தில் 'உகந்துடைமை' என்னும் ஒரு சிறு பங்கே கிடைத்தது. உவந்து கொடுக்கும் உடைமை என்னும் அப்பெயரே அதனை உரிமையாகக் காட்டாமல் கொடையாகக் காட்டுகிறது. திருவனந்தபுரத்தில் மகளிர் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய'த்தில் இம்முறையில் மனைவியரும் மக்களும் பட்ட அல்லலை எள்ளலுடன் காட்டினார். நாயர்களுக்கு 1925இலும் நாஞ்சில் வேளாளருக்கு 1926இலும் திருவிதாங்கூரில் இயற்றப்பட்ட சட்டங்கள் மக்களின் உரிமையை நிறுவின. 1975ஆம் ஆண்டின் கேரளக் கூட்டு இந்துக் குடும்ப முறை ஒழிப்புச் சட்டம் பழைய அமைப்பை முடிவுக்குக் கொண்டுவந்தது. அநீதி நீங்கியது, அதனுடன் குழந்தையைச் சூழ்ந்திருந்த மூன்றாமவரும் வழக்குமொழியிலிருந்து நீங்கினார்.

இம்மாற்றத்தின் மறுபக்கத்தை இந்நகரைக் களமாகக் கொண்ட தமிழ் நாவலில் காணலாம். நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' (1970), மனைவி பிரிந்து சென்றபின் மக்களை வளர்த்த அனந்தன் நாயரின் நினைவோட்டமாக அமைந்தது. பிரிவின் புண் ஆறாத ஒருவரே பெற்றோராகவும் இருக்க நேர்வதன் சுமையை அந்நாவல் உணர்த்துகிறது. வழக்காவணத்தில் அச்சுமைக்குப் பெயர் இல்லை.

மூன்றாமவரை நீதிமன்றம் முற்றிலும் புறக்கணிக்கவில்லை. 2008ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், தந்தை உயிருடன் இருந்தும் குழந்தையைத் தாய்வழிப் பாட்டன் பாட்டியிடமே இருக்கச் செய்தது. உறவின் முறைமையைவிடக் குழந்தையின் நலனே மேலானது என்பது அதன் அடிப்படை. தாயோ தந்தையோ நிலைகொள்ளாத காலத்தில், நாள்தோறும் ஒரே நேரத்தில் உணவும் உறக்கமும் தரக்கூடிய சித்தியோ பாட்டியோ யார் என்னும் வினா மனுவின் முதற்பக்கத்திலேயே எழுப்பப்பட வேண்டும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படும். 'காவல்', 'பார்வையிடுதல்' ஆகிய சொற்கள் குழந்தையை உடைமையாக்குகின்றன. 'பேணற் பொறுப்பு', 'சந்திப்பு' என்பன அதனைத் தவிர்க்கும். 'பின்' போன்ற சொற்களைத் தீர்ப்பின் பொருளுக்கேற்பப் பெயர்க்க வேண்டும். மனநிலை பற்றிய சட்டவாசகத்தின் 'தன்மை', 'அளவு' ஆகிய அடைகளைத் தமிழில் விடாது காக்க வேண்டும். பெற்றோரின் இயல்பைப் பெயரால் சுட்டாது, நிகழ்ந்ததைக் காலம் காட்டும் வினையால் கூற வேண்டும். குழந்தையின் கூற்றை அதன் கலப்பு மொழியிலேயே பதிவு செய்ய வேண்டும்.

சொல்லை மாற்றுவதால் மட்டும் குழந்தை காக்கப்பட்டுவிடும் என்று கொள்வதற்கில்லை. அச்சுறுத்தும் பெற்றோரிடமிருந்து குழந்தையை உடனடியாக விலக்க வேண்டிய நிலைகள் உண்டு. அங்கு மென்மொழி காலதாமதத்திற்குக் காரணமாகக் கூடாது. துல்லியமான சொல் அத்தகைய நிலையில் விரைவுக்கும் துணையாகும். 'அவர் சரியில்லாதவர்' என்னும் மனுவைவிட, 'சென்ற வாரம் இரு இரவுகள் குழந்தையைத் தனியே பூட்டிவிட்டுச் சென்றார்' என்னும் மனுவின் மீது நீதிபதி விரைந்து ஆணையிட இயலும்.

இறுதியாக, வழக்காவணங்களில் இடம்பெறாத, ஆனால் குழந்தை கேட்டாக வேண்டிய ஒரு தொடர் உண்டு. பெற்றோரின் கலக்கத்திற்குத் தானே காரணம் என்று கருதுவது சிறுவர் இயல்பு. 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மருந்து சாப்பிடுகிறார், இது உன்னால் வந்ததில்லை' என்பதை யாரேனும் ஒருவர் அக்குழந்தையின் வீட்டுமொழியில் சொல்ல வேண்டும். நோய், மருத்துவம், குற்றமின்மை ஆகிய மூன்றையும் இத்தொடர் எளிய சொற்களால் கூறுகிறது, யாரையும் இழித்துரைக்கவில்லை. மணமுறிவு வழக்கின் தமிழ் இத்தொடரின் தெளிவையும் பரிவையும் எட்டுமாயின், அது குழந்தைக்குக் காப்பாக அமையும்.